முன்சக்கரப் பூட்டு

மெல்பர்னில் நான் குடியிருக்கும் புறநகரில் ஓர் ஓடை இருக்கிறது. காலை ஆறரை மணிக்கு அதன் கரைப்பாதையில் போய் நின்றால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். மூன்று சக்கர வண்டியில் குழந்தையை உட்காரவைத்து பெல்ட் போட்டு, அதைத் தள்ளிக்கொண்டே தாய்மார்கள் ஓடுவார்கள். தகப்பன்மார்களும் ஓடுவார்கள். குழந்தை கம்பளித் தொப்பிக்குள் கண்ணை மூடிக்கொண்டு பல்லக்கில் போகிற தோரணையில் போகும். வந்த புதிதில் இதை முதன்முதலாகப் பார்த்தபோது நான் ஒதுங்கி நின்று, அந்தப் பெண் ஓடிவந்த திசையைத் திரும்பிப் பார்த்தேன், யார் துரத்துகிறார்களோ என்று. யாரும் இல்லை. எங்கள் கீரமங்கலத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஓடினால் நாலு வீட்டுக் கதவு திறந்துவிடும். ஒன்று வீட்டில் தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லை குழந்தை எதையாவது விழுங்கியிருக்க வேண்டும். உடம்புக்கு நல்லது என்று காரணம் சொல்லி ஓடுகிறவர்களை எங்கள் தெரு அன்று பார்த்ததில்லை.

பார்த்ததில்லை என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. நான் ஓடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீட்டர் என்னுடையது. அப்பாவுக்குப் பூ வியாபாரம். விடிகிற நேரத்தில் மொபெட்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், பறித்து வைத்திருக்கும் மல்லிகையையும் முல்லையையும் சாக்கில் கட்டிப் பின்னால் வைத்துக்கொண்டு கமிஷன் கடைக்கு வருவார். பயிற்சிக்கு எனக்குத் துணை வேண்டும் என்று பி.டி. டீச்சர் சொல்லிவிட்டதால், அவர் தோட்டங்களிலிருந்து திரும்பும் நேரத்துக்கு நான் ரோட்டில் காத்திருப்பேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைப்பார். நான் பின்னால் ஓடுவேன். பூச்சாக்கு என் மூக்குக்கு நேரே போகும். மூச்சு வாங்க வாங்க மல்லிகை வாசம் நெஞ்சு வரை இறங்கும். மாவட்டப் போட்டிக்குப் போனபோது மைதானத்தில் எனக்கு முன்னால் வண்டியும் இல்லை, வாசமும் இல்லை. மூன்றாவதாக வந்தேன். மொபெட்டை உள்ளே விட்டிருந்தால் முதலில் வந்திருப்பேன் என்று அப்பா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம், விமானம். வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு இந்த வரிசையை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கும் இது அத்துபடிதான். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வரக்கூடாத செய்தி வரும்போது நாங்கள் எந்த நிலைமையில் இருக்கிறோம் என்பது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் நிறைமாதம். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அம்மா என் பிரசவத்துக்காக எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அப்பாவோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கவினைப் பெற்றேன். அப்பா பேரனை முதலில் பார்த்தது போனில்தான். அவருடைய வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என் கண்ணில் அது படக்கூடாது என்று போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். நான் பார்த்துவிட்டேன். அந்த நேரத்தில் அவர் அருகில் இல்லாமல் போனேனே என்ற எண்ணம் இன்றைக்கும் என்னைச் சும்மா விடுவதில்லை.

வாய் நேராகிவிட்டது. இடது கை மட்டும் திரும்பி வரவில்லை. இடது கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. நடக்க நடக்கத்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா ஒரு ஊன்றுகோல் வாங்கி வைத்தார். அப்பா அதைத் தொடவில்லை. ஊரெல்லாம் பூச்சாக்கோடு பறந்த மனிதர், கோலை ஊன்றிக்கொண்டு தெருவில் இறங்க மாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். போனில் கவினைப் பார்த்துவிட்டு ஒருநாள், “ஊருக்கு வந்தா இவன எல்லாரும் தூக்குவாங்க. நான் மட்டும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும்” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, மழை வராது என்று சொல்வது போலச் சொன்னார். எங்கள் பக்கத்தில் குழந்தை என்றால் இடுப்பில்தான். ஒரு வருசம் வரை தரையில் விட மாட்டார்கள், கை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கை போனவர் அந்த வரிசையில் கிடையாது. அப்போதுதான் குழந்தையை வைத்துத் தள்ளுகிற ஸ்ட்ரோலர் வாங்கும் யோசனை என் தலையில் வேறு மாதிரி ஏறியது. ஒருதடவையாவது அப்பா என் மகனைத் தெருவில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதுவும் அவன் அந்த வண்டியில் அடங்கும் வயதுக்குள்.

என் கணவர் சரவணனுக்குக் கணக்கு வேறு. அன்றாடம் கடைக்கும் டிராமுக்கும் எடுத்துப் போகிற மாதிரி, மடக்கினால் கைக்கடக்கமாக வருவதாகப் பார் என்றார். நான் மறுபடி ஓட ஆசைப்படுவதும் அவருக்குத் தெரியும். அதனால் ஓடவும் ஏற்றதாகப் பார் என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டும் ஒன்றில் அமைவது லேசில்லை. மடக்கினால் விமானத்தில் தலைக்கு மேலே வைக்கிற அளவுக்குச் சுருங்குவதில் நான்கு சின்னச் சக்கரங்கள் இருக்கும். நடைபாதையில் ஒரு கல் தட்டினாலே நின்றுவிடும். ஓடுவதற்கென்றே செய்ததில் சைக்கிள் சக்கரம் மாதிரி மூன்று. அது எங்கள் வீட்டு லிஃப்டில் நுழைந்தால் நான் படியில்தான் இறங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சிறிய உடம்பும் ஓரளவு பெரிய சக்கரமுமாக ஒரு ரகம் உண்டு. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. முன்சக்கரம் சாதாரணமாக எல்லாப் பக்கமும் சுழலும், கடைக்குள் வளைந்து நெளிந்து போகலாம். ஓடும்போது ஒரு சிவப்புக் குமிழைத் திருகிப் பூட்டிவிட்டால் அது நேராக மட்டுமே போகும். வேகத்தில் சக்கரம் கோணினால் வண்டி கவிழ்ந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. குழந்தை தானாக உட்கார்ந்து கழுத்து நன்றாக நின்ற பிறகுதான் ஓட வேண்டும் என்று செவிலியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கவினுக்கு எட்டு மாதம் ஆகும்வரை காத்திருந்தேன்.

கடையில் ஒரு சின்னப் பெண் வந்து உதவினாள். இங்கே இதை ப்ராம் என்கிறார்கள். அவள் ஒவ்வொரு ப்ராமையும் மடக்கி விரித்துக் காட்டினாள். நான் அவள் காட்டியதைப் பார்க்காமல், வலது கையை மட்டும் பிடியின் நடுவில் வைத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளினேன். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தும் பார்த்தேன். அவள் கால் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, ஒரு கையால் தள்ள வேண்டும் என்றேன். அவளுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்து, “ஆ, காபிக்காக!” என்று, பிடியில் மாட்டுகிற வட்டமான கிண்ணம் ஒன்றை எடுத்துவந்து காட்டினாள். அதில் காபிக் கோப்பையை வைத்துவிட்டால் இரண்டு கையும் எனக்குத் தாராளமாகக் கிடைக்குமாம். ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கையோடு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆமாம், காபிக்காகத்தான் என்று அந்தக் கிண்ணத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

டயர் விஷயத்தில் அப்பாவே முடிவு சொன்னார். பஞ்சரே ஆகாது என்று உள்ளே நுரை அடைத்த டயர் ஒன்று, ட்யூப் வைத்துக் காற்றடிக்கிற டயர் ஒன்று. இங்கே உள்ளவர்கள் முதல் ரகத்தைத்தான் மெச்சுகிறார்கள். அப்பாவோ போனில், “கெட்டுப்போனா சரிபண்ண முடியாத சாமான எதுக்கு வாங்குற? ட்யூபுன்னா நம்ம ஊர்ல ஒட்டிக்கலாம்” என்றார். மெல்பர்ன் தெருவில் ஓடப்போகிற வண்டிக்குக் கீரமங்கலம் பஞ்சர் கடையை நம்பி டயர் வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கை பிரேக் வலது பக்கம் இருப்பதாகப் பார்த்து எடுத்தேன். சரவணனிடம் அதன் காரணத்தைச் சொல்லவில்லை.

கவினுக்குப் பதினோரு மாதமானபோது நானும் அவனும் நான்கு வாரத்துக்கு ஊருக்குப் போனோம். நான் எதிர்பார்த்தபடியேதான் நடந்தது. திருச்சி விமான நிலையத்திலிருந்து வீடு வந்து இறங்கியதும் கவின் கைகளில் மறைந்துபோனான். அம்மா, அத்தை, எதிர்வீடு, அடுத்த தெரு என்று இடுப்பு இடுப்பாகப் போய்க்கொண்டிருந்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குழந்தை தன்னைக் கடந்து போகும்போதெல்லாம் வலது கையை நீட்டி அவன் பாதத்தைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார். மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நழுவிவிடுவான் என்றார். மூன்றாம் நாள் வண்டியை விரித்து அவனை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, அப்பாவின் கையைப் பிடித்து நடுப்பிடியில் வைத்தேன். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். சிமெண்ட் தரையில் நாலு எட்டு வைத்தார். வண்டி லேசாகப் போனது. அதைவிட முக்கியம், அந்தப் பிடியில் கை இருந்ததால் அவருடைய நடையும் நிமிர்ந்திருந்தது. கோல் என்று யாரும் சொல்ல முடியாத கோல். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அன்று மாலைக்குள் முற்றத்தில் பத்துத் தடவை போய்வந்துவிட்டார்.

ஆனால் கேட் வரைதான். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் வண்டியை வளைத்துத் திருப்பிவிடுவார். முன்சக்கரம் சொன்னபடி திரும்பும். தெருவுக்குப் போகலாம்பா என்று நான் கேட்டால், “வெயிலு”, “தூசி”, “நாளைக்குப் பாப்பம்” என்று தினமும் ஒன்று சொன்னார். ஒரு வருசமாகத் தெருவுக்கு முகம் காட்டாதவர் காலை இழுத்துக்கொண்டு இறங்கத் தயங்கினார். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் வந்தது. அவரை விட்டுவிட்டுப் போனவளுக்குக் கோபப்பட என்ன பாத்தியதை என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதனால் நான் காலையில் ஓடப் போனேன். முன்சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு, கவினை வைத்துத் தள்ளிக்கொண்டு, ஊருக்கு வெளியே தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் ரோட்டில். பால் எடுத்துப் போகிறவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கா, ஏறுங்க, கொண்டுபோய் விடுகிறேன் என்றார். இரண்டாம் நாள் கருவேல முள் ஏறி டயர் இறங்கிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் இவ்வளவு சின்ன ட்யூபைப் பார்த்ததில்லையாம். தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து அரைமணியில் ஒட்டிக்கொடுத்தார். அன்று முழுவதும் அப்பா வெற்றிப் புன்னகையோடு இருந்தார்.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஒரு காலை. ஓடிவிட்டு வந்து, வண்டியைக் கேட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, கவினை அதிலேயே விட்டு, அப்பாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். எண்ணெய் தேய்த்து ஊறித் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் முற்றத்தில் யாரும் இல்லை. அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். குழந்தை என்னோடு இருப்பதாக நினைத்திருந்தார். கேட் திறந்துகிடந்தது. வெளியே வந்து பார்த்தேன். எங்கள் கேட்டிலிருந்து தெரு வளைவில்லாமல் போய், பள்ளிக்கூட மதிலைத் தாண்டி, பூக்கடைகளில்தான் முட்டும். அதற்குப் பிறகு பஸ் போகிற மெயின் ரோடு. தெருவில் அவர்களைக் காணோம். மண்ணில் மூன்று கோடுகள் இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு பாதத்தின் சுவடும், பக்கத்திலேயே இன்னொரு பாதம் இழுபட்ட தடமும் போய்க்கொண்டிருந்தன. ஒரு கை, ஒரு கால், அதில் என் பிள்ளை, அதற்கப்பால் பஸ். நான் ஓடினேன். ஈரத்தலையோடு, செருப்பில்லாமல், அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். வீடு வீடாகக் கதவுகள் திறந்தன. என்னாச்சு, என்னாச்சு என்று குரல்கள் கேட்டன. பதில் சொல்ல மூச்சில்லை. அந்த முக்கால் கிலோமீட்டரை நான் எந்தப் போட்டியிலும் அப்படி ஓடியதில்லை.

மல்லிகை வாசம் முதலில் வந்தது. அப்புறம் கமிஷன் கடை. அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். வண்டிக்குள் கவின் மடி நிறையப் பூவோடு, ஒன்றை வாயில் வைத்துச் சுவை பார்த்துக்கொண்டிருந்தான். பிடியில் மாட்டியிருந்த காபிக் கிண்ணத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் டீ அளவெடுத்தது போல உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் ராமையா அப்பாவுக்கு முப்பது வருசக் கூட்டாளி. என்னைப் பார்த்ததும், “ஒரு வருசமா நாங்க கூப்புட்டு வராத மனுசன ஒன் மகன் கூட்டியாந்துட்டான் பாரு” என்றார். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். குனிந்த இடத்தில் கண்ணுக்கு நேரே முன்சக்கரம். சிவப்புக் குமிழ் பூட்டிய நிலையில் இருந்தது. ஓடிவிட்டு வந்து அதைத் திறந்துவிட மறந்திருக்கிறேன்.

“கேட்டுக்கிட்ட வந்து திருப்புனேன். திரும்ப மாட்டேனுச்சு, ஆத்தா. அதான் நேரா வந்துட்டேன்” என்றார் அப்பா.

பூட்டிய வண்டியைத் திருப்ப வேண்டுமானால் பிடியை இரண்டு கையாலும் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். அவரால் ஆகாது. ஒரு குரல் கொடுத்திருந்தால் அம்மா வந்திருப்பாரே என்று கேட்டேன். அழுகையும் கோபமும் சேர்ந்துதான் கேட்டேன். அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, கிண்ணத்தில் திரும்ப வைத்தார். “இதத் திருப்பக்கூடவா முடியலன்னு கேட்டுருவீங்க. அதுக்கு நடந்தே போயிரலாம்னு பட்டுச்சு” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பூட்டை மறந்த கதையை அவரிடம் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். குமிழைத் திறந்துவிடக் குனிந்தபோது அவர் தன் காலை நீட்டித் தடுத்தார். இழுக்கிற அந்த இடது காலைத்தான். “கெடக்கட்டும், விடு” என்றார். ராமையா வண்டியைத் தூக்கி வீட்டுத் திசைக்குத் திருப்பி வைத்தார். அப்பா எழுந்து பிடியைப் பிடித்தார். நான் பின்னால் நடந்தேன்.

மீதமிருந்த நாட்களெல்லாம் அதே ஏற்பாடுதான். காலையில் பூட்டுப் போட்ட வண்டியோடு கேட்டைத் தாண்டுவார். தாண்டிவிட்டால் திரும்ப முடியாது. கடையில் யாராவது திருப்பிவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். தெருக்காரர்களும் பழகிக்கொண்டு, இடையில் நிற்கும் மொபெட்டுகளை ஒதுக்கி வழிவிட்டார்கள். அவருடைய கால் கொஞ்சம் தெளிந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் வண்டி இங்கேயே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். நீ எதைத் தள்ளிக்கொண்டு ஓடுவாய் என்று அப்பா கேட்டார். அம்மாவுக்கு வேறு கவலை. வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் உள்ள வழக்கம். பிள்ளை இல்லாத பிள்ளை வண்டியைத் தெருவோடு தள்ளிக்கொண்டு போவதும் அது மாதிரிதானே, குழந்தைக்கு ஆகாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்றுதான் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் அம்மா சொன்னதும் வண்டிப் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அப்பா டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். “வெறுமையா போனாத்தான? பக்கத்துத் தோட்டத்துப் பூவ வச்சுக் கொண்டுபோறேன்” என்றார். அதற்கு அம்மாவிடம் மறுப்பு இல்லை.

இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. இன்னொரு வண்டி வாங்கவில்லை. வாங்கலாம் என்று சரவணன் சொல்லிக்கொண்டிருக்கிறார். பார்க்கலாம் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் கவினைப் பார்த்துக்கொள்ளும் காலைகளில் ஓடைக்கரையில் தனியாக ஓடுகிறேன். முன்னால் எதுவும் இல்லாமல் ஓடினால் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் ஆடுகின்றன. ப்ராமைத் தள்ளிக்கொண்டு என்னைக் கடக்கிற பெண்கள் பரிவோடு சிரிப்பார்கள், குழந்தையை வீட்டில் விட்டுவந்து நிம்மதியாக ஓடுகிறாள் என்று. நானும் சிரித்துவைப்பேன். ஊரில் அப்பா கிளம்பும் நேரம் இங்கே உச்சிப்பொழுது. விடுமுறை நாட்களில் அந்த நேரத்துக்கு அம்மா கேட்டருகே நின்று போனில் காட்டுவார்.

போன ஞாயிற்றுக்கிழமையும் காட்டினார். வண்டியில் ஒரு சின்னச் சாக்கு மல்லிகை. அது சரிந்துவிடாமல் கவினுடைய பெல்ட்டைக் குறுக்கே போட்டிருந்தார் அப்பா. கவின் என் மடியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். வண்டியைக் கண்டதும் பழத்தைப் போட்டுவிட்டான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினான். ஊரில் பெல்ட் போடுவதற்கு வசதியாக அவனுக்கு நாங்கள் பழக்கியது அது. கையைத் தூக்கினால் யாராவது பெல்ட்டைப் போடுவார்கள், வண்டி கிளம்பிவிடும். கவின் பார்க்கிறான், திரும்புங்கள் என்று அம்மா சத்தம் போட்டார். அப்பா ஏற்கெனவே கேட்டைத் தாண்டியிருந்தார். முதுகு தெரிந்தது, இழுக்கிற கால் தெரிந்தது, தெரு வழிவிட்டது. அவர் நேராகப் போய்க்கொண்டிருந்தார். இவன் கைகளை இறக்கவே இல்லை.